ஓர் ஆள் தேவை

எனக்குத் தெரிந்து உலகத்திலேயே நீளமான இன்டர்வியூ மலாயாவில், ஈப்போவில்தான் நடந்தது. அது ஆரம்பித்தபோது ஊரில் ஜப்பான்காரன் இருந்தான். அவன் மூட்டை கட்டிக்கொண்டு போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து, கடைகளில் மறுபடி அரிசி கண்ணில் பட ஆரம்பித்த பிறகும் அது முடியவில்லை. அதில் கலந்துகொண்டவர்களில் நானும் ஒருவன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. எனக்கு இப்போது தலை பாதி நரைத்துவிட்டது, மீதிப் பாதி உதிர்ந்துவிட்டது. ஆனாலும் தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது.

இன்டர்வியூ நடத்தியவரை நாங்கள் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். செட்டிநாட்டுக்காரர். பழைய டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் பதிப்பகம் வைத்திருந்தார். பதிப்பகம் என்றதும் மலைக்க வேண்டாம். காலால் மிதிக்கிற ஓர் அச்சு இயந்திரம், ஈய எழுத்துப் பெட்டிகள், ஒரு மேஜை, ஒரு நீள பெஞ்சு, ஒரு முக்காலி. எல்லாம் இருந்தன, காகிதம் மட்டும் இல்லை. ஜப்பான் மொழியைத் தமிழருக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு சின்னப் புத்தகம் போட அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. காகிதம் வந்துகொண்டே இருந்தது, வந்து சேரவில்லை. எழுத்துக் கோக்க இருந்த ஒரே கம்போசிட்டரும் குண்டுக்குப் பயந்து தாப்பாவில் இருந்த மச்சினன் வீட்டுக்கு ஓடிப்போய்விட்டார். அதனால் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பலகை தொங்கியது: ‘ஓர் ஆள் தேவை.’

முதலாளிக்கு ஒரு குணம். எதையும் அவரால் முடிவாகச் சொல்ல முடியாது. “யோசிச்சுச் சொல்றேன்” என்பார். பிறகு உண்மையாகவே யோசிப்பார். அதுதான் கஷ்டம்.

வைத்திருக்கிறாரா, எடுத்துவிட்டாரா என்று சொல்ல முடியாத ஒரு மீசை அவருக்கு இருந்தது. முடிவெட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் “மீசையை எடுத்திரட்டுமா முதலாளி?” என்று கேட்பார். இவர் யோசிப்பார். அந்த மனிதருக்கும் பிழைப்பு இருக்கிறது அல்லவா? பாதி தேய்த்துவிட்டு அடுத்த தலைக்குப் போய்விடுவார். சுவரில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருந்தார். ஊரெல்லாம் தோக்கியோ நேரம் வைக்க வேண்டும் என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டபோது, புது நேரத்துக்கு ஒன்று வாங்கி மாட்டினார். பழையதைக் கழற்றுவதா வேண்டாமா என்பது யோசனையில் இருந்தது. அதன் பலனாக எங்களுக்கு ஒரு நாளில் இரண்டு மத்தியானம் வரும். தோக்கியோ மத்தியானத்துக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு, பழைய மத்தியானத்துக்குக் காப்பி.

காப்பி கொண்டுவருகிறவர் கீழ்க்கடைச் சீனர். தினமும் படியேறி வந்து, “கோப்பியா, தேயா தவுக்கே?” என்று கேட்பார். தவுக்கே என்றால் முதலாளி. அந்தக் காலத்தில் காப்பிக்கும் தேநீருக்கும் ஒரே பானைதான். இரண்டுமே கருக்கிய சோளம். அதற்கும் முதலாளி யோசிப்பார்.

நான் ஏன் அந்தப் படியேறினேன் என்று சொல்லிவிடுகிறேன். ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். ரப்பர் வாங்க ஆள் இல்லாமல் தோட்டம் படுத்தது. பால் எடுத்தவர்கள் எல்லாம் மரவள்ளி நட்டார்கள். நான் நட்ட மரவள்ளியைப் பன்றிகூடத் தொடவில்லை. மாமா வீட்டில் இருந்துகொண்டு ஏதாவது பிழைப்புப் பார் என்று என்னை ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே என் சேக்காளி சின்னையாவும் வந்தான். ஒரே லயத்து வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு.

வந்த பிறகுதான் தெரிந்தது, புந்தோங்கில் வேலை இல்லாமல் இருப்பது பசியைவிட ஆபத்து என்று. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். ரோட்டில் சும்மா நிற்கிற வாலிபனைப் பார்த்தால் லாரி நிற்கும். “வேலை இருக்கா?” “இல்லை.” அவ்வளவுதான், ஏறு. போனவர்களைப் பற்றிச் சேதி எதுவும் வரவில்லை. சேதி வராததுதான் சேதி என்று மாமா சொன்னார். “எங்கேயாவது ஒட்டிக்கடா. சம்பளம் வேணாம். ‘இவன் என் ஆளு’ன்னு சொல்ல ஒரு வாய் இருந்தாப் போதும்.”

அப்படிச் சொல்ல ஒரு வாயைத் தேடித்தான் நாங்கள் போனோம். ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் இந்த வாயிடம் வந்து மாட்டினோம்.

போவதிலும் ஒரு சிக்கல். சிலுவார், அதாவது நீளக் காற்சட்டை, எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான் இருந்தது. மாமாவுடைய பழைய காக்கி. எனக்கு இடுப்பில் நிற்காது, சின்னையாவுக்குக் கணுக்காலுக்கு எட்டாது. இடுப்பில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு முதல் நாள் நான் போனேன். மறுநாள் அவன் போனான். மூன்றாம் நாள் நான் போய் முக்காலியில் உட்கார்ந்ததும் முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பார்த்தார்.

“இந்தச் சிலுவாரை நேத்து இன்டர்வியூ பண்ணின மாதிரி இருக்கே?”

“அது என் சேக்காளி முதலாளி. நாங்க மாத்தி மாத்திப் போட்டுக்கிறோம்.”

“அப்ப உங்க ரெண்டு பேர்ல யாரை எடுத்தாலும் சிலுவார் வந்துரும்,” என்றார். “அது ஒரு சௌகரியம். யோசிக்கணும்.”

முக்காலிதான் அந்த ஆபீசின் சட்டம். அதில் யார் உட்கார்ந்தாலும் முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?” என்று ஆரம்பித்துவிடுவார். என்னிடமும் அதைத்தான் கேட்டார்.

“தோட்டத்துல முதலாளி. பால் எடை போடற எடத்துல நின்னேன்.”

“நின்னீங்களா, எடை போட்டீங்களா?”

“நின்னேன். எடை வேற ஆளு போட்டாரு.”

“பாருங்க, உண்மையைச் சொல்றீங்க,” என்று சந்தோஷப்பட்டார். எனக்கு உயிர் வந்தது. “ஆனா உண்மை பேசற ஆளு புத்தக வியாபாரத்துக்கு ஒத்து வருவாராங்கறதை யோசிக்கணும்.”

பிறகு அவருடைய பெரிய கேள்வி. எல்லாரிடமும் கேட்பார்.

“நம்மகிட்ட ஒரு கதைப் புத்தகம் இருக்கு. கடைசிப் பக்கம் கிழிஞ்சு போச்சு. வாங்க வந்தவர்கிட்ட அதைச் சொல்வீங்களா, மாட்டீங்களா?”

“சொல்லுவேன் முதலாளி.”

“சொன்னா வாங்க மாட்டாரே.”

“அப்ப சொல்ல மாட்டேன்.”

“சொல்லாட்டிப் படிச்சு முடிச்சிட்டு வந்து சட்டையைப் பிடிப்பாரே.”

“நீங்களா இருந்தா என்ன செய்வீங்க முதலாளி?”

“அதான் தம்பி, நானும் ரொம்ப நாளா யோசிச்சிட்டிருக்கேன்,” என்றார்.

அதற்கடுத்து வாசிப்புப் பரீட்சை. அச்சுப் பிழை திருத்தும்போது ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க வேண்டும், கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வாயால் சொல்லி. இன்னொருவர் அச்சான தாளைப் பார்த்துச் சரி பார்ப்பார். இப்போது அச்சாகிற தாள் ஏது? சண்டைக்கு முன்னால் அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகை மிச்சம் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் வாசித்தோம். “நிகழும் மங்களகரமான, கமா...” என்று நான் ஆரம்பித்தால், பெஞ்சில் இருந்தவர்கள் உதட்டை அசைப்பார்கள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, அது நடக்கவும் ஆரம்பித்திருக்கும். நாங்கள் தினமும் அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருந்தோம். வீட்டில் எனக்குத் தூக்கத்திலும் அதுவே. “தங்கள் வரவை விரும்பும், கமா” என்று நான் புரண்டு படுக்கிறேன் என்று மாமா அத்தையிடம் புகார் சொன்னார்.

சாயங்காலம் ஆனால், “நாளைக்கு வாங்க தம்பி, யோசிச்சுச் சொல்றேன்” என்பார். போவோம். போனால் கிழங்கு உண்டு. பெஞ்சில் ஆறேழு பேர் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டோம். ஒருநாள் காப்பிக்கடைச் சீனர் மூட்டுவலி என்று அந்த முக்காலியில் சற்று உட்கார்ந்தார். அவ்வளவுதான், முதலாளி கண்ணாடியை மாட்டினார். மலாய் மொழியில் இன்டர்வியூ நடந்தது. அன்று முதல் அவரும் காப்பி வைக்கும்போது, “எப்படி தவுக்கே, என் விஷயம்?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

சின்னையா பெரிய கேள்விக்குச் சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று என் முறை இல்லை. ஆனாலும் மாமாவின் கைலியைக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் நின்று கேட்டேன்.

“கடைசிப் பக்கம் கிழிஞ்சா என்னா லா முதலாளி? வேற எங்கேயாச்சும் அந்தக் கதையைக் கேட்டுத் தெரிஞ்சுக்குவேன். வாங்க வர்றவர்கிட்ட, ‘அண்ணே, படிச்சிட்டு வாங்க, முடிவை நான் வாயால சொல்றேன்’ம்பேன். புத்தகமும் வித்துரும், மனுசனும் திரும்பி வருவாரு.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வழக்கம்போல, “யோசிச்சுச் சொல்றேன்” என்றார்.

ரோட்டில் இறங்கியதும் சின்னையா கொதித்தான். “ஆமா, இல்லை. ரெண்டே வார்த்தை. அதுல ஒண்ணைச் சொல்ல இந்த மனுசனுக்கு எத்தனை மாசம்டா வேணும்?”

“கிழங்கு போடறாருல மச்சான்.”

“கிழங்குக்காகவாடா இன்டர்வியூ? எனக்கு வேலை வேணும்.”

அன்று சாயங்காலமே பசார்க் கடைத்தெருவில் ஒருவன் அவனைப் பிடித்தான். வடக்கே வேலை, அரிசிச் சோறு, புதுத் துணி, கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்றானாம். சின்னையா ஓடி வந்து என்னிடம் சொன்னபோது முகமெல்லாம் பல்.

“அங்க இன்டர்வியூவே கிடையாதுடா! பேரைக் கேட்டான், சொன்னேன், எடுத்துக்கிட்டான். மனுசன்னா அப்படி இருக்கணும்.”

“அது சயாம்டா.”

“வடக்குன்னுதான் சொன்னான். நீயும் வா.”

நான் போகவில்லை. புத்திசாலித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் வாசிப்பில் என் முறை, கல்யாணப் பத்திரிகையில் எனக்குப் பிடித்த இடம். சின்னையா சிலுவாரைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தான். “நீயே வெச்சுக்க. எனக்குத்தான் அங்க துணி தர்றாங்களே.”

அதன் பிறகு சிலுவார் தினமும் எனக்கே கிடைத்தது.

சில நாள் கழித்து முதலாளி கேட்டார்: “இந்தச் சிலுவாருக்கு இன்னொருத்தர் வருவாரே?”

“அவனுக்கு வேற வேலை கிடைச்சிருச்சு முதலாளி.”

“எப்ப கேட்டாரு, எப்ப எடுத்தாங்க?”

“கேட்ட உடனே.”

“உடனேயா?” என்று திரும்பக் கேட்டார். அன்று அவர் கிழங்கு சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் துபாஷி ராகவனைச் சொல்லியாக வேண்டும். ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். பலகையைப் பார்த்து முதன்முதலில் படியேறியவரே அவர்தான். எங்களுக்கெல்லாம் சீனியர். யோசிச்சுச் சொல்றேன் என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்து, சும்மா இருந்த நேரத்தில் ஜப்பான் மொழி படித்து, ஜப்பான் ஆபீசிலேயே துபாஷியாகச் சேர்ந்துவிட்டார். ஜப்பான்காரன் பேசுவதை நமக்கும், நாம் பேசுவதை அவனுக்கும் சொல்கிற வேலை. நல்ல வேலை, அரிசி கிடைக்கிற வேலை. இருந்தும் மாதம் ஒரு தடவையாவது மாடிக்கு வந்து, “செட்டியாரே, என் விஷயம் என்னாச்சு?” என்று கேட்பார். வேலைக்காக அல்ல. தோற்றோமா ஜெயித்தோமா என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படித் தூங்குவது?

அந்த ராகவன் ஒருநாள் காலையில், முகம் வெளிறிப்போய் ஒரு ஜப்பான் ஆபீசருக்குப் பின்னால் வந்து நின்றார். கீழே லாரி நின்றது. அதில் ஏற்கனவே ஆட்கள் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

எல்லாரும் எழுந்து இடுப்பு வரை குனிந்தோம். பெஞ்சை மறைத்துக்கொண்டு நாங்கள் நின்றோம். ஆபீசர் சுற்றிப் பார்த்தார். காலியாக இருந்தது ஒன்றே ஒன்று. அதில் போய் வாளை முழங்காலுக்கு நடுவில் ஊன்றி உட்கார்ந்தார்.

முக்காலியில்.

முதலாளியின் கை கண்ணாடியைத் தேடியது. வேண்டாம் முதலாளி, வேண்டாம் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவர் மாட்டிக்கொண்டார்.

“முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?”

ராகவன் கண்ணை மூடிக்கொண்டார். ஆபீசர் அவரைப் பார்த்து உறுமினார், என்ன சொன்னான் என்று. வேறு வழியில்லை, அவர் சொன்னார். ஆபீசர் முதலாளியின் பாதி மீசையை உற்றுப் பார்த்தார். பிறகு ஆபீசர் எதையோ சுருக்கமாகச் சொன்னார்.

“குடைக்கடையாம்,” என்றார் ராகவன், தானே நம்பாமல். “அவங்க அப்பாவோட குடைக்கடையில வேலை பார்த்தாராம்.”

“விக்கிறதா, ரிப்பேரா?”

“...ரிப்பேராம்.”

“நல்ல வேலையாச்சே. ஏன் விட்டுட்டீங்க?”

“செட்டியாரே, அதை நான் கேக்க மாட்டேன். எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு.”

அதற்குள் ஆபீசருக்கு வந்த காரியம் ஞாபகம் வந்துவிட்டது. எங்களைக் காட்டி ஏதோ கேட்டார். ராகவன் சொன்னார்: “இவங்க எல்லாம் இங்க வேலை செய்யிறவங்களான்னு கேக்குறாரு. கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், யோசிச்சுச் சொல்றேன்னு மட்டும் சொல்லிராதீங்க.”

முதலாளி வாயைத் திறந்தார், மூடினார். இப்போதுதான் அந்த வாய் தேவைப்பட்டது. ‘இவங்க என் ஆளுங்க’ என்று மூன்று வார்த்தை. மாமா கேட்ட அதே வாய்.

“பலகையில ‘ஓர் ஆள்’னுதானே போட்டிருக்கேன்,” என்றார்.

பலகையை ஆபீசரும் கவனித்திருக்கிறார். படியேறும்போதே ராகவனிடம் அர்த்தம் கேட்டாராம். வாளால் தரையைத் தட்டி அவர் சொன்னதை ராகவன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னார்: “அந்த ஒரு ஆளை இப்பவே காட்டணுமாம். அவர் இங்க இருக்கலாம். மத்தவங்க லாரியில ஏறணும்.”

ஒரு மனிதன் தன்னை அவசியமானவனாகக் காட்டிக்கொள்வது எப்படி என்று அன்று பார்த்தேன். பெஞ்சில் இருந்த ஒவ்வொருவரும் நிமிர்ந்து நின்றோம். ஒருவர் ஓடிப்போய் எழுத்துப் பெட்டியைத் துடைத்தார். நான் சிலுவாரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு முதலாளியைப் பார்த்துப் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையைப் பற்றி ராகவன் பின்னால் சொன்னார், எனக்கு வயிற்றுவலி என்று நினைத்தாராம்.

முதலாளி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ராகவனிடம் திரும்பினார்.

“ஒரு ஆளைச் சொல்லணும்னா முறையாச் செய்யணும்ல? முதல்ல இருந்து வருவோம்னு சொல்லுங்க.”

“செட்டியாரே...”

“சொல்லுங்கங்கறேன்.”

இன்டர்வியூ முதலிலிருந்து ஆரம்பித்தது. முக்காலியில் ஆபீசர் இருந்ததால் பக்கத்தில் நின்றுகொண்டே பதில் சொன்னோம். ஒவ்வொரு கேள்வியும், ஒவ்வொரு பதிலும் ராகவன் வழியாக ஜப்பான் மொழிக்குப் போய் வந்தது. முதலாளி என்னை வாசிக்கச் சொன்னார். பத்திரிகை எங்கேயோ கிடந்தது. வெறுங்கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “நிகழும் மங்களகரமான, கமா” என்று ஆரம்பித்து, இரு வீட்டார் அழைப்பு வரை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். ராகவனின் உதடும் கூடவே அசைந்தது. ஆபீசர் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்தாரோ என்னவோ, தலையைச் சற்றுக் குனிந்துகொண்டார்.

பெரிய கேள்வி வந்தது. கிழிந்த கடைசிப் பக்கம். ஆளுக்கு ஒரு பதில். ஆபீசரின் கை சும்மா இருக்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த முதலாளியின் குடையை எடுத்தார். அதில் ஒரு கம்பி வெகு நாளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மாற்றுவதா கட்டுவதா என்று யோசனை. அவர் பதில்களைக் கேட்டுக்கொண்டே அந்தக் கம்பியை வளைத்து, முடிச்சுப் போட்டு, விரித்துப் பார்த்தார், மடித்தார். நடுவில் ஒருவர் சொன்ன பதிலுக்கு, “இவன் பரவாயில்லை” என்பதுபோல விரலைக்கூட நீட்டிவிட்டார்.

“அவரும் நல்லவருதான்,” என்றார் முதலாளி. “ஆனா யோசிக்கணும்.”

தோக்கியோ மத்தியானம் வந்தது. கிழங்கு வந்தது. ஆபீசருக்கும் ஒரு துண்டு வைத்தோம். பழைய மத்தியானம் வந்தது. சீனர் காப்பியோடு ஏறி வந்து, வாளைப் பார்த்தும் அசராமல், “எப்படி தவுக்கே, என் விஷயம்?” என்றார். கீழே லாரி ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு நிறுத்தாமல் அடித்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது போலும்.

ஆபீசர் எழுந்தார். ராகவன் சொன்னார்: “முடிவு வேணும்னு சொல்றாரு. முடிஞ்சதும் அந்த ஒரு ஆள் போக மத்தவங்களை அனுப்பணுமாம். அப்பப்ப நான் வந்து கேக்கணுமாம்.”

எல்லாரும் குனிந்தோம். நான் குனிந்தது போதவில்லை. சிலுவார் அவிழ்ந்துவிடும் என்று ஒரு கையால் பிடித்திருந்தேன். குடையை ரிப்பேர் செய்த அதே கையால் ஆபீசர் எனக்கு ஓர் அறை விட்டுவிட்டுப் போனார். இடது காதில் இன்றும் மழைக் காலத்தில் ஹாரன் அடிக்கும்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முன்பெல்லாம் ஒவ்வொருவரும் ஜெயிக்கப் பாடுபட்டோம். இப்போது யாராவது ஒருவர் ஜெயித்துவிட்டால் மற்றவர்களுக்கு லாரி. அதனால் எல்லாரும் மோசமாகப் பதில் சொல்லப் பழகினோம். நல்ல வாசிப்புக்காரர் திக்கினார். ஒருவர் எழுத்துப் பெட்டியைக் கவிழ்த்தார். எனக்கு மட்டும் புதிதாக எந்த முயற்சியும் தேவைப்படவில்லை.

ராகவன் அவ்வப்போது வருவார். “முடிஞ்சுதா?”

“இன்னும் இல்லை.”

“அப்ப நடக்குதுன்னு போய்ச் சொல்றேன்,” என்பார். வாசலில் தயங்குவார். “என் விஷயம்?”

“யோசிச்சுச் சொல்றேன்.”

அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் ராகவன் வந்து முடிந்ததா என்று கேட்கவில்லை. “ஜப்பான் சரண்டர் ஆயிட்டான் செட்டியாரே,” என்றார். நாங்கள் எல்லாரும் முதலாளியைப் பார்த்தோம். இனிமேலாவது சொல்வாரா என்று.

“அப்ப அவசரம் இல்லை,” என்றார்.

காகிதம் வந்தது. ஜப்பான் மொழிப் புத்தகம் யாருக்கு வேண்டும்? வேறு புத்தகம் போடலாம், எது என்று யோசிக்க வேண்டும். பெஞ்சு ஒவ்வொருவராகக் கரைந்தது. எனக்கு ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்தது. விடைபெறப் போனபோது முதலாளிக்கு வருத்தம்.

“இன்டர்வியூ நடுவுல எழுந்து போறீங்களே தம்பி?”

“வயசாகுது முதலாளி.” நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “அன்னைக்கு லாரி கீழ நின்னப்ப, வேணும்னுதானே இழுத்தடிச்சீங்க? இப்பவாவது சொல்லுங்க.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“சரி, நான் பாஸா, ஃபெயிலா?”

“அதையும் யோசிக்கணும்.”

படி வரைக்கும் வந்துவிட்டேன். அப்போதுதான் அது வாயில் வந்தது. சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் அந்த வாரம் புந்தோங்குக்கு வந்திருந்தார். சின்னையாவோடு ஒரே முகாமில் இருந்தவர். சின்னையா திரும்ப மாட்டான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“சின்னையாவை எடுத்திருப்பீங்களா முதலாளி?”

“எடுத்திருப்பேன்,” என்றார்.

ஒரு நொடிகூட ஆகவில்லை. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்து நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“கடைசிப் பக்கத்தை வாயால சொல்றேன்னாரே. அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன்,” என்றார். “மறுநாள் நீங்கதான் வந்தீங்க.”

பிறகு பல வருடம் அவரைத் தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன். என் பஸ் நிற்கும் இடத்தில் குடையோடு நிற்பார். ஏறுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிடும். டிரைவரிடம் சொல்லி இரண்டொரு தடவை நிறுத்திப் பார்த்தேன். மற்ற பயணிகள் சண்டைக்கு வந்தார்கள்.

அவர் காலமானபோது போனேன். அந்த மாடியில்தான் வைத்திருந்தார்கள். பழைய பெஞ்சுக்காரர்கள் வந்திருந்தார்கள், சீனர் வந்திருந்தார். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் போல மூலையில் சேர்ந்து நின்றோம். உட்கார இடம் இல்லை. முக்காலி காலியாக இருந்தது. ஆனால் யாரும் அதன் பக்கம் போகவில்லை. முதலாளியின் உறவுக்காரப் பையன் ஒருவன், விவரம் தெரியாமல், அலைந்த களைப்பில் அதில் வந்து உட்கார்ந்தான். மூலையில் எல்லாரும் அவன் பக்கம் திரும்பினோம். சீனர் மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எல்லார் வாயிலும் அந்தக் கேள்வி நின்றது என்பதற்கு நான் சாட்சி.

கீழே இறங்கும்போது ராகவன் என் தோளைத் தொட்டார். தடி ஊன்றியிருந்தார், முடியெல்லாம் பஞ்சு. படிக்கட்டுக்குக் கீழே அந்தப் பலகை இன்னும் தொங்கியது, எழுத்துத்தான் மங்கிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே, கூச்சத்தோடு கேட்டார்:

“தம்பி, உங்ககிட்டத்தான் அவரு கொஞ்சம் மனசு விட்டுப் பேசுவாரு. கடைசியில... யாரையாச்சும் எடுத்தாரா? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வயதுக்குப் பிறகும் அதில் ஒரு சின்ன ஆசை உட்கார்ந்திருந்தது. எனக்குப் பதில் தெரியும்.

“யோசிச்சுச் சொல்றேன் அண்ணே,” என்றேன்.